முயற்கொம்பின் நீளம்: பத்தாம் வகுப்பு முக்கோணவியல் பற்றி ஒரு குறிப்பு

தமிழ்நாடு அரசு 2019இல் கொண்டுவந்த பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் ஆறாவது பாடம் முக்கோணவியல். அதன் முதல் பயிற்சி 6.1. முழுக்க முற்றொருமைகள். அதில் ஒரு கணக்கு இப்படி:

சைன் அ + காஸ் அ = √3 எனில், டேன் அ + காட் அ = 1 என நிரூபிக்க.

(புத்தகத்தில் கோணத்துக்குக் கிரேக்க எழுத்து போட்டிருக்கும். நான் இங்கே 'அ' என்றே எழுதுகிறேன். மற்றபடி சைன், காஸ், டேன் எல்லாம் வகுப்பில் வாயால் சொல்கிற மாதிரியே.)

பத்தாம் வகுப்பு படித்தவர்களுக்கு இது பழைய நண்பன். சி.பி.எஸ்.இ. பிள்ளைகளுக்கும் தெரிந்த கணக்குதான். போட்டுவிடலாம்.

இருபுறமும் வர்க்கப்படுத்தினால்: சைன்² அ + காஸ்² அ + 2 சைன் அ காஸ் அ = 3.
முதல் இரண்டும் சேர்ந்து 1. ஆகவே 2 சைன் அ காஸ் அ = 2, அதாவது சைன் அ × காஸ் அ = 1.
இனி டேன் அ + காட் அ = (சைன்² அ + காஸ்² அ) / (சைன் அ × காஸ் அ) = 1 / 1 = 1.

நிரூபிக்கப்பட்டது. முழு மதிப்பெண். எந்த வரியிலும் பிழை கிடையாது, ஆசிரியர் ஒவ்வொரு வரிக்கும் டிக் போடலாம்.

ஒரே ஒரு சங்கடம்தான். இப்படி ஒரு கோணம் உலகத்திலேயே இல்லை.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கணிதமெல்லாம் வேண்டாம். மேலே எழுதிய அதே விடையில் இன்னும் ஒரு வரி எழுதினால் போதும். கூட்டி வர்க்கப்படுத்தினோம் இல்லையா? இப்போது கழித்து வர்க்கப்படுத்துங்கள்:

(சைன் அ − காஸ் அ)² = 1 − 2 சைன் அ காஸ் அ = 1 − 2 = −1.

ஒரு எண்ணின் வர்க்கம் மைனஸ் ஒன்று! எட்டாம் வகுப்புப் பிள்ளைகூட "வராதே" என்று சொல்லும். எந்த முற்றொருமையை வைத்து நிரூபித்தோமோ, அதே முற்றொருமையே கணக்கின் காலை வாரிவிடுகிறது. ஒரு வர்க்கம் பூஜ்யத்துக்குக் கீழே போகாது என்பதால் சைன் × காஸ் ஒருபோதும் அரைக்கு மேல் போகாது. கணக்கு அதை 1 என்கிறது. அதனால் சைன் + காஸ் ஒருபோதும் √2ஐ, அதாவது 1.414ஐத் தாண்டாது. கணக்கு அதை 1.732 என்கிறது. முடிவாக வருகிற டேன் + காட் = 1 என்பதும் அதே கதைதான். குறுங்கோணத்தில் அந்தக் கூட்டல் 2க்குக் கீழே இறங்காது. ஒரு எண்ணையும் அதன் தலைகீழியையும் கூட்டினால் குறைந்தது 2, அவ்வளவுதான் விஷயம்.

எடுத்துக்கொண்ட செய்தியும் பொய், நிரூபித்த முடிவும் பொய். நடுவில் இருக்கிற நாலு வரி மட்டும் சுத்தம்.

அண்ணன் பெண் இந்த வருஷம் பத்தாவது. அவளிடம் கால்குலேட்டரைக் கொடுத்து, "அந்தக் கோணம் எத்தனை டிகிரின்னு கண்டுபிடி" என்றேன். 30 போட்டாள், 1.366. 60 போட்டாள், அதே 1.366. 45க்கு 1.4142. 40, 50 இரண்டுக்கும் 1.4088. கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "சித்தப்பா, இது டிகிரி மோடுலதானே இருக்கு?" என்றாள். சந்தேகம் முதலில் கருவியின் மேல் போகிறது, இரண்டாவதாகத் தன் மேல் போகிறது. புத்தகத்தின் மேல் போகவே இல்லை. எனக்கு இந்தக் கணக்கின் மேல் கோபம் வருவது அந்த இடத்தில்தான்.

படமாகப் பார்த்தால் இன்னும் பளிச்சென்று தெரியும். ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ, தெற்கு, மேல, வடக்கு என்று நாலு வீதி, கோயிலைச் சுற்றி ஒரு செவ்வகம். தெற்கும் மேற்கும் சேருகிற மூலையில் நிற்கிறோம். வடக்கும் கிழக்கும் சேருகிற மூலைக்குப் போகணும். மேலச் சித்திரை வீதியில் நேரே போய், திரும்பி, வடக்குச் சித்திரை வீதியில் நடக்கிறோம். தேர் போகிற திசைதான். இதே இரண்டு மூலைக்கும் கோயிலுக்கு மேலாக ஒரு கயிற்றை நேராகக் கட்டினால் அதுதான் கர்ணம். நடந்த தூரத்தைக் கயிற்றின் நீளத்தால் வகுத்தால் என்ன வரும்? ஒரு பக்கம் / கர்ணம், கூட்டல் மறுபக்கம் / கர்ணம். அதாவது சைன் + காஸ்.

செவ்வகம் ஒல்லியாக இருந்தால் இந்த விகிதம் 1க்குப் பக்கத்தில் வரும். சதுரத்தை நெருங்க நெருங்க ஏறும். சரியான சதுரத்தில் √2, அதற்கு மேல் ஏறவே ஏறாது. ஸ்ரீரங்கத்துச் செவ்வகம் வடக்கு தெற்காகக் கொஞ்சம் நீளம். கணக்குக்காக 7க்கு 6 என்று வைத்துக்கொள்வோம். நடை 13, கயிறு √85 அதாவது 9.22, விகிதம் 1.41. டேன் + காட் = 7/6 + 6/7 = 2.02. உச்சத்தை ஏறக்குறையத் தொட்டுவிட்ட செவ்வகம் அது. நம் புத்தகம் கேட்பது, நேர்த்தூரம் 1 என்றால் நடை 1.732 ஆகிற ஒரு செவ்வகத்தை. ஒரே ஒரு முறை திரும்பி நடந்தால் அவ்வளவு சுற்று வராது. நடுவில் எங்காவது டீ குடிக்கப் போயிருந்தால்தான் வரும்.

இந்தக் கணக்குக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் மூன்று விதமாகப் பேசுவார்கள்.

முதல் வாதம் தர்க்கம் படித்தவர்களுடையது. "எனில்" என்று ஆரம்பிக்கிற வாக்கியத்தில் முற்பாதி பொய்யானால் முழு வாக்கியம் தானாகவே உண்மை, ஆகவே கணக்கில் தப்பில்லை என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதற்குத் தமிழில் ஒரு பழைய பெயர் உண்டு: முயற்கொம்பு. முயலுக்குக் கொம்பு இருந்தால் அதன் நீளம் ஒரு சாண் என நிரூபிக்க. இரண்டு சாண் என்றும் நிரூபிக்கலாம், யாரும் மறுக்க முடியாது. இந்தக் கணக்கும் அப்படித்தான். அதே செய்தியை வைத்துக்கொண்டு 1 = 2 என்று நிரூபிக்கச் சொன்னாலும் நியாயப்படி சரியே. அது தெரிந்து வைத்த கணக்கு என்றால், பக்கத்திலேயே "இப்படி ஒரு கோணம் உண்டா?" என்று ஒரு துணைக்கேள்வி போட்டிருப்பார்கள். போடவில்லை.

இரண்டாவது வாதம் கொஞ்சம் மேல்படிப்பு. கோணம் மெய்யெண்ணாக இருக்கணும்னு யார் சொன்னது? கலப்பெண் கோணங்களில் சைனும் காஸும் எவ்வளவு பெரிதாகவும் போகலாம். உண்மைதான். 45 டிகிரியோடு, ரேடியனில் சுமார் 0.66 அளவு கற்பனைப் பகுதியைச் சேர்த்தால் இந்தக் கணக்குக்கு ஒரு கோணம் கிடைத்துவிடும். முற்றொருமைகளும் அங்கே அப்படியே செல்லும். எஸ்.எல். லோனியின் முக்கோணவியல் புத்தகத்தின் இரண்டாம் பாகம் இந்த உலகத்தைப் பற்றியதுதான். கும்பகோணத்தில் பள்ளிக்கூடப் பையனாக ராமானுஜன் கரைத்துக் குடித்தது அந்த லோனியைத்தான். ஆனால் பத்தாம் வகுப்புப் பாடம் செங்கோண முக்கோணத்தை வரைந்துவிட்டு ஆரம்பிக்கிறது. எதிர்ப்பக்கம், அடுத்துள்ள பக்கம், கர்ணம். அந்தப் படத்துக்குள் கற்பனைக் கோணத்துக்கு இடமில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லித்தராத ஓர் உலகத்தைக் காட்டிப் புத்தகத்தைக் காப்பாற்ற முடியாது.

மூன்றாவதுதான் எல்லா ஆசிரியர்களும் சொல்வது. "சார், இது பயிற்சிக்குத்தானே. வர்க்கப்படுத்தத் தெரியுதா, பதிலிடத் தெரியுதா, அதைப் பார்க்கத்தான்." இதுதான் நேர்மையான பதில். பிரச்சனையும் இதுதான். சைனும் காஸும் பக்கங்களின் விகிதம் என்பதை மறந்துவிட்டு, இரண்டு எழுத்துகளாக வைத்துக்கொண்டு விளையாடினால் போதும் என்று இந்தப் பதில் ஒப்புக்கொள்கிறது. அப்படியானால் அதற்கு முக்கோணவியல் என்று ஏன் பெயர்? இரண்டு எழுத்து, வர்க்கங்களின் கூடுதல் 1, அவ்வளவுதான். அல்ஜீப்ரா பாடத்திலேயே முடித்திருக்கலாம்.

தவறுதலாக ஒரு கணக்கு நுழைந்துவிட்டது, அதற்கு ஏன் இவ்வளவு என்று தோன்றலாம். அதே 6.1 பயிற்சியில் இன்னொன்றும் இருக்கிறது:

√3 சைன் அ − காஸ் அ = 0 எனில், டேன் 3அ = (3 டேன் அ − டேன்³ அ) / (1 − 3 டேன்² அ) எனக் காட்டுக.

செய்தியிலிருந்து டேன் அ = 1/√3. ஆக அ = 30 டிகிரி. இந்தக் கோணம் இருக்கிறது, சந்தோஷம். இடப்பக்கம் டேன் 90. அது வரையறுக்கப்படாதது! வலப்பக்கம் கீழே 1 − 3 × 1/3 = 0. மேலே 8/(3√3) என்று ஏதோ ஒன்று வருகிறது, அதைப் பூஜ்யத்தால் வகுக்கணும். மதிப்பே இல்லாத இரண்டு பக்கங்கள் சமம் எனக் காட்டுக! பிள்ளைகள் வேறு வழியில்லாமல் "முடிவிலி = முடிவிலி" என்று எழுதிவிட்டு அடிக்கோடு போடுகிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த டேன் 3அ சூத்திரம் நல்ல சூத்திரம். 10 டிகிரி போடுங்கள், 20 போடுங்கள், 37 போடுங்கள், அட்டகாசமாக வேலை செய்யும். குறுங்கோணங்களில் அது படுத்துவிடுகிற ஒரே கோணம் 30. தேடிப்பிடித்து அந்த ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். 30, 45, 60 மட்டும்தான் கோணம் என்று பழகிப்போனதன் விளைவு.

இப்படி இரண்டு கணக்கு ஒரே பயிற்சியில் எப்படித் தப்பிப் பிழைத்தன? எழுதுகிறவர்கள், மேற்பார்வை செய்கிறவர்கள் என்று எத்தனையோ கண்கள் பார்த்த புத்தகம். ஒட்டுமொத்தமாகப் பழைய புத்தகத்தைவிட நல்ல புத்தகம்தான், அச்சும் படங்களும் உட்பட. என் ஊகம் இது: இந்தப் பாடத்தில் ஒருவருமே ஒரு கோணத்தைப் போட்டுப் பார்ப்பதில்லை.

'போட்டுப் பார்த்தல்' என்பது நம் ஊரில் கள்ளத்தனம். டியூஷன்களில் ரகசியம் மாதிரி சொல்லித்தருவார்கள். உதாரணம், பல்தேர்வு வினாக்களில் வருகிற புகழ்பெற்ற ஒன்று: (1 + டேன் அ + செக் அ)(1 + காட் அ − கொசெக் அ) எவ்வளவு? "45 போடு" என்பார்கள். (2 + √2)(2 − √2) = 4 − 2 = 2. விடை 2, அடுத்த கேள்விக்குப் போ. பரீட்சைக்கு உதவும், ஆனால் கணக்காசிரியர் முன்னால் செய்யக்கூடாது, 'முறையா போடு' என்று திட்டு விழும்.

எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. ஒரு கோணத்தைப் போட்டுப் பார்ப்பது நிரூபணம் ஆகாது, சரி. ஆனால் அதுதான் சரிபார்ப்பு. நீண்ட கோவையைச் சுருக்கி முடித்ததும் 30ஐயோ 45ஐயோ இரண்டு பக்கமும் போட்டு ஒத்துவருகிறதா என்று பார்ப்பது, கடைக்காரர் சில்லறையை இன்னொரு தடவை எண்ணிக் கொடுப்பது போன்ற சாதாரண ஒழுங்கு. அந்தப் பழக்கம் பாடத்துக்குள் மரியாதையோடு இருந்திருந்தால் √3 கணக்கு அச்சேறுவதற்கு முன்பே செத்திருக்கும். யாராவது ஒருவர் 45 போட்டு, 1.414ஐப் பார்த்து, "அட" என்றிருப்பார்.

அதே 2 விடை வருகிற கணக்கைச் சுருக்கிப் பாருங்கள். டேன், செக் இருக்கிற அடைப்பை காஸால் பொது வகுத்தியாக்கினால் (காஸ் + சைன் + 1)/காஸ். இன்னொன்று (சைன் + காஸ் − 1)/சைன். பெருக்கினால் மேலே (சைன் + காஸ்)² − 1. அது 2 சைன் காஸ். கீழே சைன் காஸ். மிச்சம் 2. இது √3 கணக்கில் ஓடிய அதே இயந்திரம். கூட்டி வர்க்கப்படுத்தி ஒன்றைக் கழித்தால் இரட்டைப் பெருக்கல் கிடைக்கும். இயந்திரம் ஒன்றுதான். ஆனால் இங்கே அது எல்லா இடத்திலும் நிற்கிற ஒரு உண்மையைத் தருகிறது, அங்கே இல்லாத ஊருக்கு வழி சொல்கிறது. முற்றொருமை என்ற சொல்லே அழகான சொல். முற்றும் ஒருமை. மதிப்பு இருக்கிற இடமெல்லாம் இரண்டு பக்கமும் ஒன்று. "எனில்" என்று தொடங்கும் கணக்கோ ஒரு குறிப்பிட்ட கோணத்தைப் பற்றியது. இந்த இரண்டையும் ஒரே பயிற்சியில் ஒரே தொனியில் கலந்து கொடுத்துவிட்டால், முதலாவதில் கேட்க வேண்டாத கேள்வியை இரண்டாவதிலும் கேட்காமல் விட்டுவிடுகிறோம்: அந்தக் கோணம் எங்கே இருக்கிறது?

இன்னொரு குறை, "நிரூபிக்க" என்ற வார்த்தையே பயிற்சி முழுக்க ஆட்சி செய்வது. விடை அச்சில் இருக்கிறது. பிள்ளை இடப்பக்கத்திலிருந்து நாலு அடி, வலப்பக்கத்திலிருந்து நாலு அடி நடந்து நடுவில் கைகுலுக்குகிறது. "சுருக்குக" என்று மட்டும் கொடுத்தால் எங்கே நிறுத்துவது என்று தானே தீர்மானிக்கணும். டேன் + காட் என்பது எளியதா, செக் × கொசெக் என்பது எளியதா? கூட்ட வேண்டிய இடத்தில் முதலாவது, பெருக்கி அடிக்க வேண்டிய இடத்தில் இரண்டாவது. எளிமை என்பது வேலையைப் பொறுத்தது. இதை யோசிக்க வைக்கிற கணக்கு பயிற்சியில் அருமை.

அந்த வேலை என்ன என்பதும் பாடத்தில் மறைந்தே கிடக்கிறது. முற்றொருமை முடிந்ததும் உயரங்களும் தொலைவுகளும் வருகிறது. கோபுரம், கலங்கரை விளக்கம், ஏற்றக்கோணம் எல்லாம் உண்டு. ஆனால் பெரும்பாலும் அட்டவணையிலிருந்து டேன் மதிப்பை எடுத்துப் போடுவதோடு சரி, முன்னால் பாடுபட்டுப் படித்த முற்றொருமைகளுக்கு அங்கே வேலை அநேகமாக இல்லை. இரண்டுக்கும் நடுவில் மதில் எழுப்பின மாதிரி இருக்கிறது. மதில்கள் ஸ்ரீரங்கத்துக்கு அழகு, பாடத்துக்கு இல்லை.

ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தையே வைத்து ஒரு கணக்குச் சொல்கிறேன். 1987இல் கட்டி முடித்த தெற்கு ராஜகோபுரம், பதின்மூன்று நிலை, உயரம் 236 அடி. சுமார் 72 மீட்டர். ஒரு அட்டையில் ஏதாவதொரு செங்கோண முக்கோணம் வெட்டிக்கொள்ளுங்கள். கோணம் எத்தனை என்று தெரியவே வேண்டாம். ஒரு பக்கத்தைத் தரைக்கு இணையாகப் பிடித்து, கர்ணத்தின் வழியே பார்த்தால் கோபுர உச்சி தெரிகிற இடம் வரை தெற்கே நடங்கள். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, அட்டையைத் திருப்பி மறுகோணத்தால் பார்த்து, மறுபடி உச்சி தெரியும் இடம் வரை நடங்கள். ஒரு இடம் 48 மீட்டர், இன்னொன்று 108 மீட்டர் என்று வந்தால்:

டேன் அ = உயரம் / 48. அட்டையின் மறுகோணம் 90 − அ. அதன் டேன்தான் காட் அ. ஆக காட் அ = உயரம் / 108.
இரண்டையும் பெருக்கு. டேன் × காட் = 1. ஆகவே உயரம்² = 48 × 108 = 5184. உயரம் 72.

கோணம் எங்கே போனது? முற்றொருமை அதை விழுங்கிவிட்டது. அளக்கத் தெரியாததை, அளக்க முடியாததைக் கணக்கிலிருந்து வெளியேற்றுவதுதான் சுருக்குதலின் வேலை. (நிஜமாகச் செய்கிறவர்களுக்கு: உங்கள் கண் உயரத்தைக் கடைசியில் கூட்டணும். தூரத்தைக் கோபுரச் சுவரிலிருந்து அளக்கக் கூடாது, உச்சிக்கு நேர்கீழே இருக்கிற இடத்திலிருந்து அளக்கணும். அது வாசல் நடைக்குள்ளேயே விழுவதால், ஜனங்கள் கொஞ்சம் வழிவிட்டால் நாடாவை அங்கே வைத்து அளக்கலாம். வாசல் இல்லாத கோபுரத்தில் இந்த வசதி கிடையாது.)

இரண்டு கணக்குகளையும் திருத்துவது கஷ்டமே இல்லை. இரண்டாவதில் அந்த "எனில்" பகுதியை அடித்துவிட்டு, 15 டிகிரியையும் 20 டிகிரியையும் போட்டுச் சரிபார்க்கச் சொன்னால் போதும். முதலாவதில் √3ஐ √2 ஆக்கினால் டேன் + காட் = 2, கோணம் 45. ஆனால் அது ரொம்பச் சாது. எனக்குப் பிடித்தது இது: சைன் அ + காஸ் அ = 7/5 எனில், டேன் அ + காட் அ என்ன? விடையைச் சொல்லாமல் கேட்கணும். வர்க்கப்படுத்தினால் 49/25, ஒன்று போக 24/25, பாதி 12/25, தலைகீழாக்கினால் 25/12. கூடவே ஒரு துணைக்கேள்வி: இந்தக் கோணமுள்ள ஒரு முக்கோணம் வரைக. பக்கங்கள் 3, 4, 5 என்று வந்து நிற்கும். 3/4 + 4/3 = 25/12.

பழைய √3 கணக்கையும் தூக்கிப் போட வேண்டாம். "இந்த விடையில் எங்கே கோளாறு?" என்ற தலைப்பில் அப்படியே வைக்கலாம். அதுவரைக்கும், விடைத்தாள் திருத்துகிற ஆசிரியர்களிடம் ஒரு கேள்வி. ஒரு பிள்ளை நாலு வரியும் எழுதாமல், "(சைன் − காஸ்)² = −1 என வருவதால் இப்படி ஒரு கோணம் இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு வந்தால், எத்தனை மதிப்பெண் போடுவீர்கள்?